வெள்ளையனைக் கேட்ட கறுப்புத் துரை

என் ஆங்கிலத்தைப் பார்த்துத்தான் மிஷன்காரர்கள் என்னை ராஜபாளையத்துக்கு அனுப்பினார்கள் என்று கொழும்பில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். உள்ள கதை வேறு. எங்கள் மிஷன் அச்சுக்கூடத்தில் பிழை திருத்துகிறவர்கள் மூன்று பேர். ஒருவருக்கு மூலம், ஒருவருக்கு மாமியார் வீட்டில் சாவு. மீதி இருந்தவன் நான். மகாராணியார் காலமாகிக் கடைகளெல்லாம் அடைத்துக் கிடந்த அந்த ஆண்டில், கடல் கடந்து போன தமிழர்களில் இத்தனை சுலபமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவன் வேறு யாரும் இருக்கமாட்டான்.

வேலை இதுதான்: சைலஸ் பென் என்ற அமெரிக்கருக்குத் துபாஷாக, அதாவது பேச்சை மொழிபெயர்த்துச் சொல்கிறவனாக, போகவேண்டும். சைலஸ் கறுப்பு இனத்தவர். ஜார்ஜியா என்ற மாகாணத்தில் கறுப்பு ஆண்பிள்ளைகளுக்கென்றே ஏற்பட்ட ஒரு கல்லூரியில் பட்டம் வாங்கியவர். அவர் தகப்பனார் காலம்வரை அங்கே அந்த இனத்தாரைச் சந்தையில் விற்று வாங்கினார்கள். எழுத்துக் கூட்டினால் சவுக்கடி. உள்நாட்டு யுத்தம் முடிந்து அடிமைத்தனம் ஒழிந்ததும் ஒரு பழைய குதிரை லாயத்தைக் கழுவிவிட்டு அதில் படிக்க உட்கார்ந்தார்களாம். அதுதான் வளர்ந்து கல்லூரி ஆயிற்று. மழை பெய்தால் கிரேக்க வகுப்பில் இன்னமும் குதிரை வாடை அடிக்கும் என்று சைலஸ் பெருமையோடு சொல்வார். அங்கே படித்து வெளியே போனவர்கள் பலவிதம். ஒருவர் கோவேறு கழுதைமேல் ஊர் ஊராய்ப் போய்ப் பிரசவம் பார்க்கும் வைத்தியர். ஒருவர் பெட்டி செய்து பிணம் அடக்குகிறவர். பாதிப் பேர் பாதிரிமார். மீதிப் பேர் பாதிரிமாரைக் குறை சொல்கிறவர்கள்.

இவர்களெல்லாம் சேர்ந்து, கல்வி மறுக்கப்பட்ட பிள்ளைகள் இருக்கிற ஓர் ஊரில் பள்ளிக்கூடம் வைப்பது என்று முடிவு செய்து சைலஸை அனுப்பியிருந்தார்கள். ராஜபாளையத்துப் பெரிய நிலக்காரர் வேங்கடசாமி என்பவர் பஞ்சு அடைத்துவைக்கும் தம்முடைய பழைய கிட்டங்கியை அதற்குத் தருவதாக மிஷனுக்குச் சொல்லியிருந்தார். போய் வாங்கவேண்டியதுதான் பாக்கி. ஆனால் கல்லூரித் தலைவர் சைலஸைக் கப்பலேற்றும்போது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினாராம். "ஒரே ஒரு பிள்ளையாவது நுழையமுடியாத வாசலாக இருந்தால், அது நம் பள்ளிக்கூடம் அல்ல. அடுத்த கப்பலில் திரும்பி வந்துவிடு." சைலஸ் இதை எனக்குத் தூத்துக்குடியிலேயே இரண்டு தடவை சொல்லிவிட்டார். எனக்கு அப்போது கப்பல் மயக்கம். தலையை ஆட்டி வைத்தேன்.

ரயிலை விட்டு இறங்கி மாட்டுவண்டி ஏறியதும் முதல் சோதனை வந்தது. இடப்பக்கத்து மாடு நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டது. வண்டிக்காரர் மாடசாமி நுகத்தைத் தளர்த்திவிட்டு, தாமும் ஒரு மைல்கல்லின்மேல் உட்கார்ந்தார்.

"என்னப்பா, எழுப்பமாட்டாயா?" என்றேன்.

"அதுக்கா தோணணும் எசமான். செத்த நேரம் இருங்க. அடிச்சா அது படுத்துரும்."

எங்கள் ஊரில் மாடு உட்கார்ந்தால் ஒரு தென்னை மரமாவது நிழலுக்கு இருக்கும். இங்கே கண்ணுக்கெட்டிய மட்டும் கரிசல் மண், பருத்திச் செடி, தூரத்தில் மேற்குமலை. சைலஸ் வண்டியை விட்டு இறங்கினார். கோட்டுப் பொத்தான்களைப் போட்டார், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார், மாட்டைப் பார்த்துப் பிரசங்கம் செய்ய ஆரம்பித்துவிட்டார். அவர்கள் கல்லூரியில் இது ஒரு வழக்கமாம். வாரம் ஒருநாள் ஒரு மாணவனைப் பெட்டிமேல் ஏற்றிவிட்டு ஏதாவது ஒரு பொருளைச் சொல்வார்கள். கையில் காகிதம் இல்லாமல் பேசவேண்டும். அதில் ஊறிய மனிதர் தண்ணீர் கேட்பதற்கே ஒரு முன்னுரை வைப்பார். மாட்டுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் 'கடமையும் சோம்பலும்'. மாடு அசைபோட்டபடி முழுவதையும் கேட்டது.

இதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. மம்சாபுரத்துக்காரர் ஒருவர் சைலஸைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு தோளைத் தொட்டார்.

"ஏலே சுடலை, எப்பலே வந்த? மலாய்க்குப் போனவன் ஒரு காயிதம்கூடப் போடலயே."

இவர் சுடலை அல்ல, அமெரிக்கா தேசத்தவர் என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"அமெரிக்காக்காரன் வெள்ளையால்லா இருப்பான். கோட்டு போட்டுட்டா சொந்தச் சித்தப்பா மவனைத் தெரியாமப் போயிருமா எனக்கு? நீங்க எந்த ஊரு, கொளும்பா? அதான் இழுத்து இழுத்துப் பேசுதீக."

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் சைலஸ் விழுந்து விழுந்து சிரித்தார். "என் நாட்டில் நான் அந்த நாட்டவன் என்று நம்பவைக்க முடியவில்லை. இங்கே நான் அந்நியன் என்று நம்பவைக்க முடியவில்லை" என்றார். சிரித்து முடித்ததும் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். மாடு அதுவாக எழுந்துதான் புறப்பட்டோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தம் வீட்டு மாடியில் எங்களுக்கு இடம் கொடுத்தவர் ஜவுளிக்கடை காதர் ராவுத்தர். மாடசாமி ஓட்டியதும் அவருடைய வண்டிதான். அமெரிக்கத் துரை வருகிறார் என்று அவருக்குத் தகவல் போயிருந்தது. சைலஸ் இறங்கினார், நான் இறங்கினேன். ராவுத்தர் எங்களை வாங்க என்று சொல்லிவிட்டு, குனிந்து வண்டிக்குள் எட்டிப்பார்த்தார். "துரை பின்னால வாராகளா?" என்றார்.

இவர்தான் துரை என்றதும் ராவுத்தர் முகத்தில் ஏமாற்றமும் மகிழ்ச்சியும் மாறி மாறி வந்தன. ஏமாற்றத்துக்குக் காரணம் சாப்பாட்டின்போது தெரிந்தது. மனிதர் துரைக்கென்று மதுரையிலிருந்து கத்தியும் முள்கரண்டியும் தருவித்து, வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். சைலஸோ கையைக் கழுவிக்கொண்டு சோளச்சோற்றில் கருவாட்டுக் குழம்பைப் பிசைந்து அடிக்க ஆரம்பித்துவிட்டார். தேங்காய்ப்பாலே காணாத அந்தக் குழம்பு என் நாக்கைப் பொசுக்கியது. சைலஸுக்கு இன்னும் காரம் வேண்டுமாம். கம்பங்கஞ்சி வந்ததும், தம் தாயார் சோளமாவில் காய்ச்சும் கஞ்சி இதேதான் என்று கண் கலங்கினார். ராவுத்தர் முள்கரண்டியைப் பார்ப்பதும் சைலஸைப் பார்ப்பதுமாக இருந்தார். நான் காதோடு விஷயத்தைச் சொன்னேன். சைலஸ் உடனே ஒரு வாழைப்பழத்தை இலையில் வைத்து, கத்தியால் நறுக்கி, முள்கரண்டியால் குத்திக் குத்திச் சாப்பிட்டார். பார்க்கத் தெருவிலிருந்து ஆட்கள் மாடியேறி வந்தார்கள்.

அந்த வெயிலிலும் கோட்டை மட்டும் அவர் கழற்றவில்லை. அதுவும் தலைவருடைய கட்டளைதான். "உன்னைப் பார்க்கிறவன் நீ வாய் திறக்குமுன்பே உன்னைப்பற்றி முடிவு கட்டிவிடுவான். ஆகையால் பொத்தானைப் போடு" என்பாராம். அந்தத் தலைவர் ஒரு கணக்கு வாத்தியார். கோழி வளர்ப்பவர். கல்லூரிக்குப் பணம் கொடுக்கும் வெள்ளைக்காரச் சீமான்கள், "இவர்களுக்குக் கிரேக்கம் எதற்கு, செங்கல் அறுக்கக் கற்றுக்கொடுங்கள்" என்று சொல்லும்போதெல்லாம், செங்கலையும் அறுத்து அதன்மேல் உட்கார்ந்து கிரேக்கமும் படிப்பார்கள் என்று பதில் சொல்லி அனுப்புவாராம்.

மறுநாள் ராஜபாளையம். ஊருக்குள் நுழைந்து நிலக்காரரின் பெரிய வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் மாடசாமி வண்டியை நிறுத்திவிட்டார்.

"இதுக்கு மேல நீங்க நடந்துக்கங்க எசமான். நான் இங்கனயே இருக்கேன்."

சோம்பேறி என்று நினைத்துக் கடிந்து பேசிவிட்டு நடந்தேன். அவர் சிரித்துக்கொண்டார்.

வேங்கடசாமி அய்யா வாட்டசாட்டமான மனிதர். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசினார். எங்களைக் கயிற்றுக்கட்டிலில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, சைலஸின் கல்லூரியைப்பற்றி ஆசையோடு கேட்டார்.

"அவிய ஊர்லயும் பருத்தி உண்டாமே? காலேஜுல அதைப் படிச்சுக் கொடுக்காகளா?"

"என் அப்பா பருத்தி எடுத்தார். அதிலிருந்து வெளியேறத்தான் நாங்கள் படித்தோம்" என்றார் சைலஸ்.

நான் இதை, "பருத்தியில் பரம்பரை அனுபவம் உள்ளவர்" என்று மொழிபெயர்த்தேன். அய்யாவுக்குப் பரம திருப்தி. கிட்டங்கியைத் திறந்து காட்டினார். உயரமான சுவர், நல்ல காற்று, மூலையில் பழம் பஞ்சு. சைலஸ் கண்ணை மூடி மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, குதிரை வாடைக்கு இது எவ்வளவோ மேல் என்றார். விருந்து நடந்தது. ஆட்டுக்கறிக் குழம்பு கொஞ்சம் கோட்டிலும் விழுந்தது. எல்லாம் முடிந்தபின் அய்யா கைதட்டினார். ஒரு கூடை வந்தது. கூடைக்குள் வெள்ளைவெளேரென்று நாய்க்குட்டிகள், ரோஜா நிற மூக்கோடு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன.

"எங்க வீட்டு நாயை நாங்க விக்கிறதில்லை. நிலம் புலம் கொடுக்கையில, வாங்குறவங்களுக்கு ஒரு நாயும் கொடுப்போம். அவங்க எதைக் கேக்காகளோ அதைக் கொடுக்கணும். நாய் கைமாறிட்டா பொறவு பேச்சு மாறாது. எங்க அப்பா காலத்துலயிருந்து இதான் பத்திரம். எடுத்துக்கச் சொல்லுங்க."

நான் திரும்பினேன். சைலஸ் கட்டிலின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். தொப்பி கீழே கிடந்தது. அத்தனை கறுத்த முகம் வெளுக்கும் என்று அன்றுதான் அறிந்தேன். "நாய் எனக்கு ஆகாது. என்னால் முடியாது. ஏதாவது சொல்லும்" என்றார்.

"இவ்வளவு மேன்மையான பிராணியை எச்சில் கையோடு தொடக்கூடாது, நாளைக்கு ஸ்நானம் பண்ணிவிட்டு வருகிறேன் என்கிறார்" என்றேன்.

"நல்ல ஆசாரமான ஆளா இருக்காரே" என்றார் அய்யா.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பினோம். நாயை வாங்காவிட்டால் கிட்டங்கி இல்லை. கிட்டங்கி இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் இல்லை. ராவுத்தரிடம் யோசனை கேட்டேன். "நாய் விஷயம் மட்டும் என்கிட்ட கேக்காதீக தம்பி. அது மேல பட்டா நான் குளிக்கணும்" என்று உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் கோட்டு வெளுக்கப் போயிருந்தது. ராவுத்தர் ஒரு வேட்டியும் துண்டும் கொடுத்தார். தலைவர் பார்த்தால் என்ன சொல்வாரோ என்று முனகிக்கொண்டே சைலஸ் கட்டிக்கொண்டார். கச்சிதமாகப் பொருந்தியது. மாடசாமி இந்த முறை ஊரைச் சுற்றி, தம் தெரு இருக்கும் தெற்குப் பாதையில் வண்டியை விட்டு, வழக்கம்போல எட்ட நிறுத்திக்கொண்டார். நாங்கள் அங்கிருந்து கிட்டங்கியை நோக்கி நடந்தோம். வழியில் அய்யாவின் பருத்திக் களம். என் உடம்பில் கொழும்புக் கோட்டு, தலையில் பாகை. சைலஸ் உடம்பில் வேட்டி.

களத்திலிருந்து ஒரு வெள்ளை நாய் வந்தது. கன்றுக்குட்டி உயரம். குரைக்கவே இல்லை. என்னைத் தாண்டிக்கொண்டு போயிற்று, என் காலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சத்தியமாக எனக்குக் கொஞ்சம் அவமானமாகவே இருந்தது. சைலஸ் ஓடினார். கிரேக்கமும் கணக்கும் படித்த கால்கள் அப்படி ஓடும் என்று யாரும் நம்பமாட்டார்கள். வேப்பமரத்தின் முதல் கிளையை அவர் எட்டிப் பிடித்தபோது வேட்டியில் பாதி நாயின் வாயில் இருந்தது.

சத்தம் கேட்டு அய்யா வெளியே வந்தார்.

"எவம்ல மரத்துல?" என்றவர், என்னைப் பார்த்தார், மறுபடியும் மரத்தைப் பார்த்தார். அப்படியே தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயையோ, நம்ம தொரையா. ஏய் வெள்ளையா, விடு." நாய் விட்டுவிட்டது. "மன்னிச்சுக்கிடணும். அது ஆள் பாத்துத்தான் கடிக்கும். அம்புட்டுப் பழக்கம். கோட்டு இல்லாம வேட்டியைக் கட்டிட்டு தெக்கயிருந்து வந்தீகளா, தெக்குச் சேரி ஆளுன்னு நினைச்சிருச்சு."

இந்த முறை நான் ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அப்படியே சொன்னேன்.  சைலஸ் மரத்தில் இருந்தபடியே கேட்டார்: "கிட்டங்கிக்குப் போக தெற்குச் சேரிப் பிள்ளைகளுக்கு வேறு பாதை உண்டா?"

"அவனுக எதுக்கு வாரானுக?" அய்யாவுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "வடக்குத் தெருப் பிள்ளைகளுக்குத்தான பள்ளிக்கூடம். எல்லாரும் படிச்சா பருத்தி யார் எடுக்கது?"

நாயின் பெயருக்கு என்ன அர்த்தம் என்று சைலஸ் கேட்டார். வெள்ளை நிறத்தவன், வெள்ளைக்காரனையும் அப்படித்தான் சொல்வோம் என்றேன். கிளையில் உட்கார்ந்தபடி அவர் சிரித்த சிரிப்பில் வேப்பம்பழம் உதிர்ந்தது. நாய்கூட ஓரடி பின்வாங்கியது.

இறங்கியதும் அவர் நேரே போனது மாடசாமியிடம். மாடசாமி தண்ணீர்ச் சுரையை நீட்டத் தயங்கினார். சைலஸ் தாமே வாங்கிக் குடித்தார்.

"உங்களையாச்சும் மரம் காப்பாத்திச்சு" என்று சிரித்துக்கொண்டே மாடசாமி தம் வேட்டியைத் தூக்கிக் காட்டினார். கெண்டைக்காலில் சதை பிய்ந்து ஆறிய குழி. "நம்ம தெருவுல இது இல்லாத காலைப் பாக்கமுடியாது, எசமான்."

நேற்று அந்த மனிதரைச் சோம்பேறி என்று ஏசியவன் நான். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சைலஸ் புழுதியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய அப்பா அடிமையாக இருந்தபோது ஒரு புத்தகத்தோடு ஓடினாராம். பிடிக்க நாய்களை விட்டார்கள். "என் அப்பாவுக்கும் இதே இடத்தில்தான். இன்றைக்கும் நாயைக் கண்டால் ரோட்டின் மறுபக்கம் போய்விடுவார். நான் சிறுவனாக அந்தக் குழியில் விரலை வைத்துப் பார்ப்பேன்" என்றார். அதை மாடசாமிக்குத் தமிழில் சொன்னேன். மாடசாமி சிரிப்பை நிறுத்திவிட்டு, "அங்கயும் நாய்தானா?" என்று மட்டும் கேட்டார்.

சைலஸ் எழுந்தார். கிழிந்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்துக்குள் நடந்தார். ஊர்க்காரர்கள் கூடியிருந்தார்கள். அய்யா முகம் மலர்ந்து குட்டிக்கூடையைத் தாமே தூக்கிவந்து வைத்தார். நடந்த தவறுக்கு ஈடாக, இருப்பதிலேயே கொழுத்த குட்டியை மேலே வைத்திருந்தார்.

"எதைக் கேட்டாலும் கொடுப்பது வழக்கம் அல்லவா என்று கேளும்."

கேட்டேன். "ஆமா. எங்க அப்பா கொடுத்திருக்காரு, நானும் கொடுத்திருக்கேன்" என்றார் அய்யா, ஊர் கேட்கும்படி.

சைலஸ் கூடையைப் பார்க்கவே இல்லை. வெள்ளையனைக் கைகாட்டினார்.

 "அது என் காவல் நாயில்லா. அதைப் போய்…" என்று அய்யா இழுத்தார். யாரும் உதவிக்கு வரவில்லை. எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு, நாயின் கழுத்தில் கயிற்றைக் கட்டி நீட்டினார்.  சைலஸின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. கையை முழு நீளத்துக்கும் நீட்டிக் கயிற்றின் நுனியை வாங்கினார். வாங்கி, வண்டிவரை நடந்தார். அந்தத் தூரத்தை அவர் எப்படிக் கடந்தார் என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். வண்டியை நெருங்கியதும் கயிற்றை என் கையில் திணித்துவிட்டு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார்.

நாயை என்ன செய்வது என்ற கேள்விக்கு அன்று மாலையே பதில் கிடைத்துவிட்டது. சைலஸ் ராஜபாளையத்தில் வாத்தியாராக இருக்கப்போகிறார், பள்ளிக்கூடத்தில் அதை வைக்கமுடியாது. ராவுத்தர் வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, தம் வீட்டு வாசல்படிக்கே அது வரக்கூடாது என்றார். ஆக, கடல் கடந்து போய் நான் சம்பாதித்தது ஒரு கடிநாய். கொழும்பில் என் மனைவியிடம் இதை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்ற யோசனையிலேயே எனக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கும் நாள் காலையில், மிஷன் அனுப்பிய தமிழ் உபாத்தியாயர் ஒருவரிடம் சைலஸை ஒப்படைத்துவிட்டு நான் புறப்பட்டேன். வண்டியின் பின்பக்கம் வெள்ளையன் கட்டப்பட்டிருந்தான். கிட்டங்கி வாசலில் சைலஸ் வெளுத்த கோட்டில் நின்றார். வடக்குத் தெருப் பிள்ளைகள் சிலேட்டோடு வந்திருந்தார்கள். தெற்கே, பாதை திரும்பும் இடத்தில், முள்வேலியை ஒட்டிச் சேரிப் பிள்ளைகள் ஒரு கொத்தாக நின்றார்கள். நாய் போய்விட்டது என்று மாடசாமி வீடு வீடாகச் சொல்லியும் ஒருவனும் களத்தைத் தாண்ட அடியெடுத்து வைக்கவில்லை.

வடக்குத் தெருப் பெரியவர்கள் அய்யாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "அந்தப் பயலுக வந்தா எங்க பிள்ளைக வராது. கிட்டங்கியைத் திருப்பி வாங்கிருங்க" என்றார்கள்.

"நாயைக் கொடுத்தாச்சுய்யா" என்றார் அய்யா எரிச்சலாக. "கொடுத்த நாயைத் திருப்பி வாங்குனா, நாளைக்கு இந்த ஊர்ல எவன் என் பேச்சை நம்புவான்? பிடிச்சா அனுப்புங்க, இல்லைன்னா போங்க."

சிலர் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். சிலர் நின்றார்கள். அய்யா அவர்களைத் திரும்பிப் பார்க்காமல் வண்டிக்குப் பின்னால் வந்து, வெள்ளையனின் காதைத் தடவினார். கண் சிவந்திருந்தது.

"கொளும்புல இதுக்குக் கறிச்சோறு கிடைக்குமா?"

"கிடைக்கும் அய்யா."

"சோறு கிடைக்கும். ஆனா அங்கன யாரைக் கடிக்கணும்னு இதுக்குத் தெரியாதே. பாவம்" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. நான் வண்டியை விடச் சொன்னேன். வண்டி பாதைத் திருப்பத்தில் சேரிப் பிள்ளைகளைத் தாண்டியது. வெள்ளையன் அவர்களைப் பார்த்தான். மயிர் சிலிர்த்து எழுந்து, கயிற்றை இழுத்துக்கொண்டு, வண்டியே குலுங்கும்படி குரைத்தான்.

பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடினார்கள். தங்கள் வீட்டுப் பக்கம் வண்டியும் நாயும் நின்றதால், களத்துக்கு ஊடாக, கிட்டங்கியைப் பார்த்து ஓடினார்கள். சைலஸ் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். கடைசிப் பிள்ளை உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்திப் பாடத்தை ஆரம்பித்துவிட்டார்.